உறுதி சுத்தம், காணி சுத்தமா?

கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பின்னர் கடையில் அமர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எமது தெருவில் இரண்டு கடை தள்ளி மின்சாரப் பொருட்கள் விற்கும் இளைஞர் ஒருவர் கையில் ஒரு பைலுடன் வந்தார். கொழும்புக்கு வெளியே களனி கங்கைப் பக்கமாக 40 பேர்ச்சஸ் காணி ஒன்று பார்த்திருக்கிறாராம். ஸ்டோர் கட்டுவதற்குத் தோதான இடமாம். லொறி திரும்பக்கூடிய அகலத்தில் பாதையும் இருக்கிறதாம். அக்கம்பக்கத்தில் போகும் விலையில் பாதிதான் கேட்கிறார்களாம்.

"நாநா, உறுதியை லோயரிடம் கொடுத்து முப்பது வருஷத்துக்குத் தேடிப் பார்த்தாயிற்று. ஒரு வில்லங்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன்" என்றார்.

"எல்லாம் சரி தம்பி, மழை பெய்தால் அந்தக் காணித் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு ஒரு பிளேன்ரீ வரவழைத்து, அவரை உட்கார வைத்து, என் கதையைச் சொன்னேன். அவருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த வாரம் டொலர் விலை, வற் வரி எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நானும் மச்சானும் வாங்கிய காணி

1999ஆம் ஆண்டு. அப்போது எனக்கு வயது முப்பதுகூட இல்லை. நானும் எனது மச்சானும் பங்காகச் சேர்ந்து கொலன்னாவைப் பக்கம் 32 பேர்ச்சஸ் காணி வாங்கினோம். புறக்கோட்டையில் ஸ்டோர் வாடகை கட்டுப்படியாகவில்லை. சொந்தமாக ஒரு ஸ்டோர் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டோம். உறுதி சுத்தமாக இருந்தது. நொத்தாரிசு நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. விற்றவரும் உண்மையான சொந்தக்காரர்தான். பக்கத்துக் காணிகளில் இரண்டு மூன்று கட்டிடங்கள் ஏற்கெனவே எழும்பியிருந்தன. "எல்லோரும் நிரப்பிக் கட்டித்தானே இருக்கிறார்கள், நீங்களும் கட்டுங்கள்" என்றார் தரகர்.

காணி பாதையைவிட மூன்று அடி பள்ளம். லொறி லொறியாகக் கிறவல் மண் கொண்டுவந்து பாதிக் காணியை நிரப்பினோம். காணி விலைக்கு மேலே மண்ணுக்குக் கொட்டிய காசு வேறு. அதன் பிறகுதான் கட்டிடப் பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது திரும்பி வந்தது. காணியில் பெரும் பகுதி மழைநீர் தங்குவதற்கென ஒதுக்கப்பட்ட தாழ்நிலத்துக்குள் வருகிறது, பின்பக்கத்தில் ஒரு கீற்று கால்வாய் ஒதுக்கத்துக்குள் வருகிறது, ஆகவே கட்டிட அனுமதி இல்லை என்று ஒரே கடிதத்தில் முடித்துவிட்டார்கள்.

நான்கு வருடம் அலைந்தோம். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு. "செய்து தரலாம்" என்று காசு வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் வாங்கியதும் போயிற்று, அனுமதியும் வரவில்லை. வாங்கும்போது நான் யாரிடமும் கேட்காத கேள்வியை அதிகாரிகள் என்னிடம் கேட்டார்கள்: "வாங்குவதற்கு முன் ஏன் எங்களிடம் வரவில்லை?" என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஒரு ஆள் வாங்க வந்தார். அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. மச்சான் "பேசாமல் இரு" என்றார். வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். "குறையை மறைத்து விற்ற காசு நம் வீட்டுக்குள் வரக்கூடாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த ஆளிடம் கடிதத்தைக் காட்டினோம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். காணி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஒருவர் அதில் கங்குன் கீரை போட்டு விற்கிறார். வரி நாங்கள் கட்டுகிறோம்.

இது காசு நட்டக் கதை மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2010 நவம்பரில் கொழும்பில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். தியவன்னாவில் இருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்த மழை அது. இரண்டு நாள் கழித்துக் காணியைப் பார்க்கப் போனேன். பின்பக்கத்து வீட்டில் ஒரு வயதான சிங்கள அம்மா வாசலில் பாயும் தலையணையும் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோபமில்லாமல்தான் சொன்னார்: "மஹத்தயா, நீங்கள் மண் கொட்டுவதற்கு முன்பு தண்ணீர் முதலில் உங்கள் காணிக்குத்தான் போகும். இப்போது நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறது."

அவ்வளவு மழைக்கு என் 32 பேர்ச்சஸ் மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. இன்றுவரை இல்லை.

உறுதி சொல்வதும் சொல்லாததும்

நம்மவர்கள் காணி வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனமாக இருக்கிறோம். சொந்தக்காரன் யார்? ஈடு வைத்திருக்கிறானா? பங்காளி யாராவது வழக்குப் போடுவானா? இவை நல்ல கேள்விகள்தான். இவற்றுக்கு உறுதியும் காணிப் பதிவகமும் பதில் சொல்லும். ஆனால் அந்தக் காணியில் நாளைக்கு நாம் என்ன கட்டலாம், என்ன தொழில் செய்யலாம் என்ற கேள்விக்கு உறுதியில் ஒரு வரியும் கிடையாது. காணி என் சொந்தம் என்பது வேறு, அதில் நான் நினைத்ததைச் செய்யலாம் என்பது வேறு.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. வங்கிக் கடனுக்காக மாநகர சபையில் அல்லது பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுப்போம். அதைக் கையில் வைத்துக்கொண்டு "சபை ஓகே சொல்லிவிட்டது" என்று நினைப்போம். அந்தக் கடிதம் வீதி அகலிப்புக்குக் காணி போகுமா, வீதியிலிருந்து எத்தனை அடி விட்டுக் கட்ட வேண்டும், காணி சுவீகரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் சொல்கிறது. காணி சதுப்பு நிலமா, கரையோர வலயமா, பழைமைச் சின்னத்துக்குப் பக்கத்திலா என்பதெல்லாம் அதன் வேலை அல்ல.

இந்த நாட்டில் காணியின் பாவனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றல்ல. நகரப் பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். 2021 ஜூலையில் அதன் கீழ் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வந்தன. தாழ்நிலங்களுக்குக் காணி மீட்டல் கூட்டுத்தாபனம், இப்போது அதன் பெயர் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். வயலுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம். கரைக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். பழைய கட்டிடங்களுக்கும் சின்னங்களுக்கும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம். இவை எல்லாவற்றுக்கும் மேலே 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம். ஒரே காணியை இவற்றில் இரண்டு மூன்று சட்டங்கள் ஒன்றாகப் பிடிப்பதும் உண்டு.

தாழ்நிலமும் ஆற்றங்கரையும்

நமது வியாபாரிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். காரணம் எளிது. மலிவான காணி என்றால் அது பெரும்பாலும் பள்ளமான காணி.

கொழும்பைச் சுற்றி ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலம் மிஞ்சியிருக்கிறது. கொலன்னாவை, கோட்டே, ஹீன் எல போன்ற சதுப்புகள் மழைநீரைத் தாங்கி வைத்து மெதுவாக விடுகின்றன. 2018இல் உலகிலேயே முதன்முறையாக 18 நகரங்களுக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தபோது அதில் கொழும்பும் ஒன்று. இது வெறும் பாராட்டுப் பத்திரம் அல்ல. இந்த நிலங்கள் இல்லாவிட்டால் புறக்கோட்டையில் நமது ஸ்டோர்களில் துணி மூட்டைகள் மிதக்கும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய, கொலன்னாவை, கடுவலை எல்லாம் மூழ்கியபோது சமைத்த சாப்பாட்டுப் பார்சல்களை வள்ளத்தில் ஏற்றிப் போனவர்களில் இந்தப் பத்தியை வாசிப்பவர்களும் இருப்பீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது அதே இடங்களில் அதே காட்சியைத் திரும்பவும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நிவாரணத்துக்கு முதல் ஆளாக ஓடுகிறோம். அது நமக்குப் பெருமைதான். ஆனால் வெள்ளம் வடிந்த மறு மாதமே அதே பள்ளத்தில் மலிவாகக் காணி கேட்டுப் போவதும் நாம்தான்.

கொழும்பை மட்டும் சொல்லிப் பயனில்லை. அக்குறணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியில் கடைகள் நெருங்கி நிற்கும் வியாபார நகரம். சிறிது பலமாக மழை பெய்தால் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சரக்கு நட்டம். ஓயா அகலமாகவில்லை, அது ஓட விட்டிருந்த இடம் குறுகிவிட்டது என்பதை அந்த ஊர் மக்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆற்றோரத்தில் பத்தடி கூடக் கிடைத்தது இலாபம் என்று ஒருவர் நினைத்தார், அடுத்தவரும் நினைத்தார். இப்போது அந்தப் பத்தடிக்கான விலையைத் தெரு முழுவதும் சேர்ந்து கட்டுகிறது.

வயல் நிலம் இன்னொரு பொறி. பத்து வருடமாக விதைக்காமல் புல் முளைத்துக் கிடந்தாலும் நெற்காணிப் பதிவேட்டில் இருந்தால் அது வயல்தான். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிரப்புவது குற்றம். "நிரப்பி முடித்துவிட்டால் யார் தோண்டச் சொல்வார்கள்?" என்று தரகர்கள் தைரியம் சொல்வார்கள். தோண்டச் சொல்லாவிட்டாலும் கட்டிட அனுமதி தரமாட்டார்கள். நான் சாட்சி.

கரையும் மலையும்

கரையோரச் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். களப்பு, ஆற்று முகத்துவாரம் என்றால் உள்நோக்கி இன்னும் நீளும். இதற்குள் கட்டிடம் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலிலிருந்து எத்தனை மீற்றர் விட்டுக் கட்ட வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சுனாமிக்குப் பிறகு 2005இல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தடை போட்டார்கள். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து மக்கள் அந்தக் காலத்தில் பட்ட பாடு நமக்குத் தெரியும். சட்டம் மாறிக்கொண்டிருப்பதால், மாமா 2003இல் கட்டினார், நானும் கட்டுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைய விதி அவருக்கு, இன்றைய விதி உங்களுக்கு.

மலைநாட்டில் கண்டி, மாவனல்லை, கம்பளை, பதுளைப் பக்கம் வாங்குபவர்கள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்தது. டித்வாவின்போது மலையகத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இந்த விஷயத்தில் போவது காசு மட்டுமல்ல.

காலிக் கோட்டை சொல்லும் பாடம்

பாதுகாப்புச் சட்டம் என்றாலே நட்டம் என்று நினைப்பவர்களுக்குக் காலிக் கோட்டையைக் காட்டுவேன். எனது ராத்தா காலியில் வாழ்க்கைப்பட்டவர். சிறு வயது முதல் கோட்டைக்குள் போய் வந்திருக்கிறேன். மீரான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருக்களில் நமது குடும்பங்கள் பரம்பரையாக இருந்தன. அன்றைக்கு அந்த வீடுகளுக்கு மதிப்பில்லை. ஓடு ஒழுகும், சுவர் பெயரும். "இதை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட விடமாட்டேன் என்கிறார்களே" என்று வீட்டுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 1994இல் அதற்கென்றே காலி மரபுரிமை மன்றம் சட்டமூலம் அமைக்கப்பட்டது. அங்கே ஒரு வீட்டைத் திருத்துவதானால் உயரம், கூரையின் சாய்வு, ஓடு, வாசல் திண்ணை, யன்னல் எல்லாவற்றுக்கும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையப் பக்கம் சிதைந்தபோது பழைய மதில் கோட்டைக்குள்ளே இருந்தவர்களைக் காத்தது. பின்னர் வெளிநாட்டவர்கள் தேடி வந்து வாங்கினார்கள், சிறு ஹோட்டல்கள் வந்தன. இன்று கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இடிக்க விடாததால்தான் அந்த விலை வந்தது.

ஆனால் இதே கோட்டையில் கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. ராத்தாவின் வீட்டுக்குக் கிட்ட ஒரு வீட்டைக் கொழும்பு வியாபாரி ஒருவர் வாங்கினார். பின்பக்கத்தை இடித்து மூன்று மாடி எழுப்பி அறைகளாக வாடகைக்கு விடுவது அவரது திட்டம். வாங்கிய பிறகுதான் அது முடியாது என்று தெரிந்தது. வங்கிக் கடனுக்கு வட்டி ஓடியது, வீடு பூட்டிக் கிடந்தது. அதே தெருவில் விதிகளை முதலிலேயே படித்துவிட்டு, இருக்கும் வீட்டை இருக்கும்படியே திருத்தி, ஐந்தே அறையுடன் விருந்தகம் நடத்துபவர் நன்றாகச் சம்பாதிக்கிறார். தெருவும் ஒன்று, சட்டமும் ஒன்று. முதலாமவர் வாங்கிவிட்டுக் கேட்டார், இரண்டாமவர் கேட்டுவிட்டு வாங்கினார்.

கண்டி நகரமும் அதே 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கடை திருத்துபவர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். கொழும்புக்குக் கிட்ட தலங்கம குளமும் அதன் சுற்றுப்புறமும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டன. முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996 முதல் சரணாலயம். இந்தப் பெயர்கள் காணி விளம்பரத்தில் "இயற்கை எழில் சூழ்ந்த" என்று வந்தால், அந்த எழிலைக் காக்கும் சட்டமும் கூடவே வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"நம்மைத்தான் பிடிக்கிறார்கள்" என்ற பேச்சு

இதைச் சொன்னால் சில நண்பர்கள் கோபிப்பார்கள். "பெரியவர்கள் குளத்தையே நிரப்பி ஹோட்டல் கட்டுகிறார்கள், சட்டம் சின்ன வியாபாரிக்குத்தானே" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. செல்வாக்கு உள்ளவனுக்குக் கடிதம் வீட்டுக்கு வருகிறது, நமக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. தொல்பொருள் விஷயத்தில் நமது மக்களுக்கு அச்சமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட அதில் நியமிக்கப்படவில்லை. அந்த மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்பவர்களை ஒதுக்கிவிட்டுச் செய்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்காத நாட்டில், செல்வாக்கு இல்லாதவனுக்குக் காகிதம்தான் பலம். அனுமதி இல்லாமல் கட்டியவனுக்காக யாரும் பேச முடியாது. அவனது வழக்கறிஞரும் பேச முடியாது, நமது பாராளுமன்ற உறுப்பினரும் பேச முடியாது. எழுத்தில் அனுமதி வைத்திருப்பவனை எழுப்புவது கஷ்டம். மேலும், சட்டம் அநியாயமாக நடக்கிறது என்பதால் தண்ணீர் மேட்டில் ஏறி ஓடப் போவதில்லை. அது பள்ளத்துக்குத்தான் வரும்.

"பக்கத்தில் கட்டியிருக்கிறார்களே" என்பதும் ஆதாரமாகாது. அந்தக் கட்டிடத்துக்கு அனுமதி இருந்ததா, கட்டி முடித்த பின் இணக்கச் சான்றிதழ் எடுத்தார்களா என்று யாருக்குத் தெரியும்? நான் வாங்கியபோது பக்கத்தில் இருந்த இரண்டு கட்டிடங்களுக்கும் அது இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை

இனி காரியத்துக்கு வருவோம். நான் இப்போது யார் கேட்டாலும் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

முதலில், உறுதியில் காணியின் பெயரை வாசியுங்கள். சிங்களப் பெயர் என்றால் அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. "கும்புற" என்று முடிந்தால் வயல். "ஓவிட்ட" என்றால் வயலோரத் தாழ்நிலம். "தெனிய" என்றால் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட வயல் பள்ளம். "வில" என்றால் தண்ணீர் தேங்கும் இடம். "வத்த" என்றால் தோட்டம், மேட்டுக் காணியாக இருக்கலாம். முன்னோர்கள் காரணத்தோடுதான் பெயர் வைத்தார்கள். தரகர் வாயால் மறைப்பதை உறுதியின் முதல் பக்கம் சொல்லிவிடும்.

இரண்டாவது, மழை நாளில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லாக் காணியும் நல்ல காணிதான். சம்புப் புல், கங்குன், ஆகாயத் தாமரை முளைத்திருந்தால் கீழே தண்ணீர் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தெருவிலேயே வயதான ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். அன்று நான் அந்த அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

மூன்றாவது, விற்பவரின் சம்மதத்தோடு நில அளவைப் பிளானின் பிரதியை வாங்கி, உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் பிரிவுக்கு நீங்களே போங்கள். தரகரை அனுப்பாதீர்கள். காணி எந்த வலயத்தில் வருகிறது, அந்த வலயத்தில் ஸ்டோரோ கடையோ தொழிற்சாலையோ அனுமதிக்கப்படுமா என்று கேளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதி என்றால் ஆரம்பத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் போடலாம். அது கட்டிட அனுமதி அல்ல. ஆனால் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம், இன்னும் எந்த நிறுவனங்களின் கடிதம் வேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, காணியின் தன்மைக்கு ஏற்றபடி மற்ற இடங்களில் விசாரியுங்கள். பள்ளம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். வயல் என்றால் கமநல சேவை நிலையம். கடலோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம். பழைய கட்டிடம் அல்லது சின்னத்துக்குக் கிட்ட என்றால் தொல்பொருளியல் திணைக்களம். மலை என்றால் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். குளம், சதுப்பு, சரணாலயம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. மர ஆலை, அரிசி ஆலை, வாகன சேர்விஸ் நிலையம் போன்ற தொழில் என்றால் கட்டிடம் வேறு, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். வாயால் சொல்வதை நம்பாமல் கடிதமாகக் கேளுங்கள்.

ஐந்தாவது, இது மிக முக்கியம். காணி கை நழுவிப் போய்விடும் என்று பயந்து அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், விற்பனை உடன்படிக்கையில் ஒரு வாசகம் போடச் சொல்லுங்கள். இன்ன தேவைக்குத் திட்டமிடல் அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்பட வேண்டும் என்று. நல்ல காணி வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்கான பதில்.

இவற்றுக்கெல்லாம் சில வாரங்கள் போகும், சில ஆயிரம் ரூபா செலவாகும். முப்பது வருஷ உறுதித் தேடலுக்கு லோயருக்குக் கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்காத நாம் இதற்கு ஏன் கணக்குப் பார்க்கிறோம்?

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. மத்ரஸாவுக்கு, மையவாடிக்கு, வக்புக்கு என்று மக்களின் காசில் காணி வாங்கும்போது நம்பிக்கையின் பேரில் மட்டும் வாங்காதீர்கள். ஒருவர் இலவசமாகத் தந்தாலும் விசாரியுங்கள். சிலர் விற்க முடியாத காணியைத்தான் வக்பு செய்கிறார்கள். அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வர்த்தக சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இராப்போசனம் வைக்கும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, ஒரு திட்டமிடல் அதிகாரியையும் ஒரு நில அளவையாளரையும் அழைத்து உறுப்பினர்களுக்கு ஒரு பகல் வகுப்பு நடத்தினால் எத்தனையோ குடும்பங்களின் முதல் தப்பும். அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. இந்த வலய வரைபடங்கள் ஒவ்வொரு பிரதேச சபையின் சுவரிலும் மூன்று மொழியிலும் தொங்க வேண்டும். தெரியாமல் வாங்குபவனைத் தண்டிப்பதைவிடத் தெரிய வைப்பது மலிவு.

அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. உறுதியைத் திரும்பப் பார்த்தபோது காணியின் பெயர் "ஓவிட்ட" என்று முடிந்திருந்ததாம். பிளான் பிரதி கேட்டபோது விற்பவர் "ஞாயிற்றுக்கிழமை காசோடு வாருங்கள், தருகிறேன்" என்றாராம். மறு வாரம் கடைக்கு வந்து, "நல்ல காணி நாநா, விட்டுவிட்டேன்" என்று கவலையோடு சொன்னார். இரண்டு மாதம் போகட்டும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

போகும்போது அவர் ஒன்று கேட்டார். "உங்கள் காணியை என்ன செய்யப் போகிறீர்கள்?" மச்சானோடு பேசி முடிவெடுத்துவிட்டோம். நாங்கள் கொட்டிய மண்ணை அள்ளிவிடப் போகிறோம். ஸ்டோர் வராத காணியில் தண்ணீராவது வந்து தங்கட்டும். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவரது மகளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.